மியாட்டாவுக்கு மாற்று இன்ஜின்: எதைத் தேர்வது, எதைத் தவிர்ப்பது

மஸ்டா நிறுவனம் 1989 பிப்ரவரியில் சிகாகோ வாகனக் கண்காட்சியில் எம்எக்ஸ்-5 மியாட்டா என்னும் இரண்டு இருக்கை விளையாட்டுக் காரை அறிமுகப்படுத்தியபோது, அதில் இருந்தது 116 பிஎச்பி (குதிரைத்திறன்) தரும் 1.6 லிட்டர் நான்கு சிலிண்டர் இன்ஜின். காரின் எடை மாடலுக்கு ஏற்ப 940 கிலோவில் தொடங்கி ஆயிரம் கிலோவை ஒட்டி நின்றது. முன்சக்கரங்களின் மீதும் பின்சக்கரங்களின் மீதும் ஏறத்தாழச் சரிபாதியாக இறங்கும் அந்தக் குறைந்த எடைதான் இந்தக் காரின் பெரிய சொத்து. இன்று அந்தக் கார்கள் முப்பது வயதைக் கடந்துவிட்டன. இன்ஜின் தேய்ந்துபோனதாலோ, இருக்கும் பவர் போதவில்லை என்பதாலோ வேறு இன்ஜினைப் பொருத்த எண்ணுபவர்கள் முதலில் பார்ப்பது பிஎச்பி எண்ணைத்தான். என் கருத்தில் அது கடைசியாகப் பார்க்க வேண்டியது. ஓர் இன்ஜின் தன்னோடு எந்த கியர்பாக்ஸை, எந்த டிஃபரன்ஷியலை (இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துத் தரும் கியர் அமைப்பை), எவ்வளவு எடையை, எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொண்டு வருகிறது என்பதே தேர்வைத் தீர்மானிக்க வேண்டும்.

எனவே மியாட்டாவின் பின்பாதியைத் தெரிந்துகொள்ளாமல் முன்பாதியில் கை வைக்கக் கூடாது. 1.6 லிட்டர் கார்களின் டிஃபரன்ஷியலில் உள்ள வளைய வடிவப் பெரிய பல்சக்கரமான ரிங் கியரின் விட்டம் 6 அங்குலம். 1.8 லிட்டர் இன்ஜின் வந்தபோது மஸ்டா அதை 7 அங்குலமாக்கியது. முன் பிரேக் டிஸ்க்கும் 235 மில்லிமீட்டரிலிருந்து 255 மில்லிமீட்டராக வளர்ந்தது. கூடுதல் பவர் கண்ட 1.6 கார்களில் முதலில் உடைவது அந்தச் சிறிய டிஃபரன்ஷியல்தான் என்பது இந்தக் காரை வைத்திருப்பவர்கள் அனைவரும் அறிந்தது. அதோடு, கியர்பாக்ஸின் வால்பகுதியையும் டிஃபரன்ஷியலையும் ஒரே உறுப்பாக இணைக்கும் நீண்ட அலுமினியச் சட்டம் ஒன்று இந்தக் காரின் அடியில் ஓடுகிறது. பவர் பிளான்ட் ஃபிரேம் என்று மஸ்டா பெயரிட்ட அந்தச் சட்டம்தான், ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணத்தில் எந்தத் தளர்வும் இல்லாமல் பின்சக்கரம் பதில் சொல்வதற்குக் காரணம். மஸ்டாவின் கியர்பாக்ஸைத் தக்கவைக்கும் மாற்றங்களில் அந்தச் சட்டமும் தங்கிவிடும். வேறு கியர்பாக்ஸ் வரும் மாற்றங்களில் பெரும்பாலும் அதைக் கழற்றிவிட்டு, டிஃபரன்ஷியலைத் தாங்கப் புதிய ஏற்பாடு செய்ய வேண்டும். மாற்று இன்ஜின்களை இரண்டாகப் பிரிக்கும் உண்மையான கோடு இதுதான். சிலிண்டர்களின் எண்ணிக்கை அல்ல.

மிக எளிய வழி, 1.6 காரில் மஸ்டாவின் 1.8 இன்ஜினையே பொருத்துவது. இரண்டும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. மவுன்ட்டுகள் பொருந்தும், கியர்பாக்ஸும் அதேதான். ஃபிளைவீலும் கிளட்ச்சும் 1.8-க்கு உரிய பெரிய அளவில் இருக்க வேண்டும். எக்ஸாஸ்ட் குழாயின் தொடக்கப் பகுதியை மாற்ற வேண்டியிருக்கும். தேடிப் பிடிப்பதானால் 2001-க்குப் பிந்தைய, இன்டேக் கேம்ஷாஃப்ட்டின் (காற்று நுழையும் வால்வுகளைத் திறக்கும் தண்டின்) நேரத்தை மாற்றும் வசதி கொண்ட 1.8-ஐத் தேடுவதே நல்லது. அதன் கம்ப்ரஷன் விகிதம், அதாவது சிலிண்டருக்குள் வாயு அழுத்தப்படும் அளவு, 10-க்கு 1. பவர் சுமார் 140 பிஎச்பி. பழைய காரின் ஈசியூவுக்கு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினிக்கு) அந்தக் கேம் வசதியை இயக்கத் தெரியாது என்பதால் தனி ஈசியூ ஒன்றைச் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். 116-லிருந்து 140 என்பது காகிதத்தில் சிறிய தாவல்தான். ஆயினும் நடு ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சி வேகத்தில்) கிடைக்கும் கூடுதல் டார்க் (சுழற்று விசை), மேடான சாலையில் கியரைக் குறைக்காமலே ஏறும் அளவுக்கு உணரக்கூடியது. எடையில் மாற்றம் ஏறக்குறைய எதுவுமில்லை. 7 அங்குல டிஃபரன்ஷியலையும், அதற்குரிய ஆக்ஸில்களையும், பின்முனை பொருந்தும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் அதே சமயத்தில் மாற்றிவிட்டால் கார் முழுக்க முழுக்க மஸ்டாவாகவே இருக்கும். பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறொரு மெக்கானிக் பானட்டைத் திறந்தாலும் என்ன இருக்கிறது என்று அவருக்குப் புரியும். இந்த நன்மையைப் பலரும் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

இருக்கும் இன்ஜினிலேயே டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று கூடுதல் காற்றை இன்ஜினுக்குள் திணிக்கும் கருவி) பொருத்துவது இன்ஜின் மாற்றம் ஆகாது என்றாலும், எந்த மாற்று இன்ஜினையும் அதோடு ஒப்பிட்டுப் பார்த்தாக வேண்டும். ஏனெனில் 200 பிஎச்பி என்ற இலக்குக்கு மிகக் குறுகிய பாதை அதுவே. மஸ்டாவே 2004, 2005 ஆண்டுகளில் டர்போ பொருத்திய மியாட்டாவை விற்றது. அதன் பவர் 178 பிஎச்பி. 1.8 இன்ஜினில் பிஸ்டனையும் கிராங்க்ஷாஃப்ட்டையும் இணைக்கும் கனெக்டிங் ராடுகள், சக்கரத்தில் அளந்தால் சுமார் 230 முதல் 250 பிஎச்பி வரை தாங்கும் என்பது பொதுவான அனுபவம். அதற்கு மேல் போவதென்றால் இன்ஜினைப் பிரித்து ஃபோர்ஜ்டு ராடுகளைப் போட வேண்டும். இங்கே வெப்பத்தைப் பற்றி ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த இன்ஜின் முதலில் முன்சக்கர இயக்கக் கார்களில் குறுக்கு வாட்டில் அமைந்திருந்தது. அப்போது கூலன்ட் ஒரு முனையில் நுழைந்து, நான்கு சிலிண்டர்களையும் கடந்து, மறுமுனையில் வெளியேறியது. மியாட்டாவில் அதை நீளவாட்டில் திருப்பி வைத்தபோது பின்முனை காரின் ஃபயர்வாலை (இன்ஜினையும் பயணிகள் அறையையும் பிரிக்கும் சுவரை) ஒட்டிவிட்டதால், வெளியேறும் வழியை மஸ்டா முன்பக்கத்துக்குக் கொண்டுவந்தது. விளைவாக, கூலன்ட் முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறுகிறது. பின்னால் இருக்கும் நான்காம் சிலிண்டருக்குப் புதிய கூலன்ட் குறைவாகவே போய்ச் சேர்கிறது. சாதாரண ஓட்டத்தில் இது தெரியாது. டர்போவின் வெப்பத்தோடு ரேஸ் டிராக்கில் தொடர்ந்து ஓட்டும்போது தெரியும். கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை மீண்டும் பின்முனைக்கு மாற்றும் குழாய் அமைப்பும் பெரிய ரேடியேட்டரும் இல்லாத டர்போ மியாட்டாவை டிராக்கில் ஓட்டுவதை நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

வேறு நிறுவனத்தின் இன்ஜின் என்றவுடன் ஹோண்டாவின் பெயர் முதலில் வருவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. ஆனால் எல்லா ஹோண்டா இன்ஜின்களும் இதற்கு உதவாது. 1990-களில் புகழ்பெற்ற பி வரிசை இன்ஜின்கள் மற்ற நிறுவனங்களின் வழக்கத்துக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. அவற்றை நீளவாட்டில் வைத்து மஸ்டாவின் கியர்பாக்ஸோடு இணைத்தால் கார் முன்னோக்கி ஓட வேண்டிய கியர்களில் பின்னோக்கி ஓடும். 2001-இல் வந்த கே வரிசையோ பொதுவான திசையில் சுழலும்படி அமைந்தது. மியாட்டாவுக்கான கே மாற்றம் இவ்வளவு பரவியதற்கு அந்த ஒரு பொறியியல் முடிவே அடித்தளம்.

கே வரிசையில் பெரும்பாலோர் நாடுவது கே24ஏ2 என்னும் 2.4 லிட்டர் இன்ஜின். 2004 முதல் 2008 வரையிலான, ஹோண்டாவின் இன்னொரு பிராண்டான அக்யூராவின் டிஎஸ்எக்ஸ் கார்களில் வந்தது. 87 மில்லிமீட்டர் போர் (சிலிண்டரின் விட்டம்), 99 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 10.5-க்கு 1 கம்ப்ரஷன், 200 பிஎச்பி, சுமார் 225 நியூட்டன் மீட்டர் டார்க். பிளாக் அலுமினியத்தால் ஆனது. மஸ்டாவின் பழைய இன்ஜினோ வார்ப்பிரும்பு பிளாக் கொண்டது. அதனால் கொள்ளளவு கூடினாலும் முன்சக்கரங்களின் மீது குறிப்பிடத்தக்க எடை கூடுவதில்லை. டைமிங் பெல்ட்டுக்குப் பதிலாகச் செயின் இருப்பதும் ஒரு நிம்மதி. நல்ல இன்டேக், எக்ஸாஸ்ட், ஈசியூ ட்யூனிங் ஆகியவற்றோடு சக்கரத்தில் 200 பிஎச்பியை இது டர்போ இல்லாமலே தாண்டிவிடும். டர்போ இல்லை என்பதால் இன்டர்கூலர் இல்லை, சுட்டெரிக்கும் குழாய்கள் இல்லை, மிதித்த பிறகு காத்திருப்பதும் இல்லை. தொடர்ந்து இருபது நிமிடம் டிராக்கில் ஓட்டினாலும் வெப்பமானி நிலையாக நிற்பதே இந்த இன்ஜினின் பெரிய தகுதி என்று கருதுகிறேன்.

கே20 குடும்பம் இதைவிட வேகமாகச் சுழலக்கூடியது. 86-க்கு 86 என்ற சதுர அளவும் 11-க்கு 1 கம்ப்ரஷனும் கொண்ட கே20ஏ2 அதே 200 பிஎச்பியை உயர்ந்த ஆர்பிஎம்மில் தருகிறது. ஆனால் டார்க் குறைவு. எடை குறைந்த காருக்கு வேகச் சுழற்சி அழகுதான் என்றாலும், சாலையில் பயன்படும் 3,000 முதல் 6,000 வரையிலான பகுதியில் 2.4 லிட்டரே வெல்கிறது. 7,500 ஆர்பிஎம்முக்கு மேல் சுழற்ற விரும்புபவர்கள் கே24-இல் அதிர்வைக் குறைக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளை எடுத்துவிட்டு கே20ஏ2-இன் ஆயில் பம்ப்பைப் பொருத்துவது வழக்கம்.

கே இன்ஜினைக் காருக்குள் இறக்கும்போது இடிபடும் இடங்கள் மூன்று. முதலாவது ஆயில் சம்ப், அதாவது இன்ஜினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி. மியாட்டாவின் முன் சப்ஃபிரேமின் (இன்ஜினையும் சஸ்பென்ஷனையும் தாங்கும் அடிச்சட்டத்தின்) குறுக்குச் சட்டமும் ஸ்டீயரிங் ரேக்கும் இன்ஜினுக்கு நேர் கீழே இருப்பதால், ஹோண்டாவின் சம்ப் அப்படியே உட்காராது. இந்த மாற்றத்துக்கென விற்கப்படும் உறுப்புத் தொகுப்பான கிட்டோடு வரும் மாற்று சம்ப்பும் புதிய சப்ஃபிரேமும் இதற்காகவே. இரண்டாவது இன்ஜினின் உயரம். பானட்டை மூடும் முன் கேம் கவருக்கும் பானட்டின் உட்புற விலாவுக்கும் இடையில் களிமண் உருண்டை ஒன்றை வைத்து, மூடித் திறந்து, நசுங்கிய களிமண்ணின் தடிமனை அளந்து பார்க்க வேண்டும். இன்ஜின் மவுன்ட்டில் அசையும் என்பதால் சில மில்லிமீட்டர் இடைவெளி போதாது. மூன்றாவது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு, அதாவது சிலிண்டர்களின் புகையைச் சேகரிக்கும் குழாய்த் தொகுப்பு. கிட்கள் பெரும்பாலும் ஸ்டீயரிங் இடப்பக்கம் உள்ள கார்களை வைத்து வரையப்பட்டவை. வலப்பக்கம் உள்ள காரில் ஸ்டீயரிங் தண்டு மேனிஃபோல்டின் வழியில் வருகிறதா என்று வாங்கும் முன்பே எழுத்தில் கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். ஏசியையும் பவர் ஸ்டீயரிங்கையும் வைத்துக்கொள்ள விரும்புபவர்களுக்கு அதற்கான பிராக்கெட்டுகள், குழாய்கள் என்று வேலை இன்னும் கூடும்.

இந்த மாற்றத்தில் மஸ்டாவின் கியர்பாக்ஸ் தங்குகிறது. ஓர் அடாப்டர் பிளேட் அதை ஹோண்டாவோடு இணைக்கிறது. பவர் பிளான்ட் ஃபிரேமும் தங்குகிறது. அதனால் கார் தன் இயல்பை இழப்பதில்லை. ஆனால் ஐந்து கியர் பெட்டி இந்த டார்க்குக்கு எல்லையில் நிற்கிறது. டிராக்கில் தயவில்லாமல் கியர் மாற்றுபவர்கள் இரண்டாம் தலைமுறைக் காரின் ஆறு கியர் பெட்டியைத் தொடக்கத்திலேயே வாங்கிவிடுவது நல்லது. 7 அங்குல டிஃபரன்ஷியல் இங்கே விருப்பத் தேர்வு அல்ல, கட்டாயம்.

ஹோண்டா எஸ்2000 காரின் எஃப்20சி இன்ஜினை விரும்புபவர்களும் உண்டு. 1,997 சிசியிலிருந்து 240 பிஎச்பி, 9,000 ஆர்பிஎம் எல்லை, பிறவியிலேயே நீளவாட்டில் அமைந்த பின்சக்கர இயக்க இன்ஜின் என்று அதன் பெருமைகள் நீளும். அந்தச் சுழற்சியின் சுகத்தை மறுக்க முடியாது. ஆனால் எஸ்2000 உற்பத்தி 2009-இல் நின்றுவிட்டது. கே வரிசையோடு ஒப்பிட்டால் கிடைக்கும் இன்ஜின்களும் உதிரிகளும் அரிது. அதன் டார்க்கும் கே24-ஐவிடக் குறைவு. நிசானின் எஸ்ஆர்20டிஇடி பற்றியும் இதே கருத்துதான்: அலுமினிய பிளாக், சில்வியாவில் 205 முதல் 250 பிஎச்பி வரை தந்த டர்போ, நீளவாட்டு அமைப்பு எல்லாம் சரி. ஆனால் சில்வியாவே 2002-இல் நின்றுவிட்டதால், கிடைப்பவை எல்லாம் வயதான இன்ஜின்கள். டர்போவின் வெப்பமும் மாற்று இன்ஜினின் சிரமமும் ஒன்றாகச் சேரும் இந்த வழியைவிட, மஸ்டாவின் 1.8-க்கே டர்போ போடுவது மேல்.

பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோண ரோட்டர்கள் சுழலும் ரோட்டரி இன்ஜினைப் பற்றிச் சொல்லும்போது எனக்கும் மனம் இளகுகிறது. 1991-இன் இறுதியில் வந்த மூன்றாம் தலைமுறை ஆர்எக்ஸ்-7 காரின் 13பி இன்ஜினும் மஸ்டாவின் பிள்ளைதான். இரண்டு ரோட்டர்கள், மொத்தம் 1.3 லிட்டர், இரட்டை டர்போவோடு ஜப்பானில் 255-இல் தொடங்கி 280 பிஎச்பி வரை வளர்ந்த வரலாறு. அளவில் சிறியது என்பதால் ஃபயர்வாலை ஒட்டித் தாழ்வாக உட்காரும். எடைப் பங்கீட்டுக்கு இதைவிட இணக்கமான வடிவம் கிடையாது. ஆனால் அது உண்ணும் பெட்ரோலும், எரிக்கும் ஆயிலும், வெளியேற்றும் எக்ஸாஸ்ட் வெப்பமும் இந்தச் சிறிய காரின் மூக்குக்குள் அடங்காதவை. ரோட்டரின் முனைகளில் உள்ள ஏபெக்ஸ் சீல்கள் தேய்ந்தால் இன்ஜினை முழுவதும் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ரோட்டரியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கை பக்கத்தில் இருந்தால் மட்டுமே இது ஒரு தேர்வு.

எட்டு சிலிண்டர் வி8 இன்ஜின் பற்றிய பேச்சில் இரு தரப்பும் மிகைப்படுத்துவதைக் காண்கிறேன். ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் இன்ஜின் பெரிய இரும்புக் குண்டு என்று நினைப்பது தவறு. 1997-இல் கார்வெட்டில் வந்த எல்எஸ்1, 5.7 லிட்டர் கொள்ளளவு இருந்தும் முழு அலுமினியத்தால் ஆனது; 345 பிஎச்பி தந்தது. கேம்ஷாஃப்ட் பிளாக்கின் நடுவில் இருந்து புஷ்ராட்களால் வால்வுகளை இயக்குவதால், சிலிண்டர் ஹெட்கள் தட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருக்கின்றன. அதனால்தான் அது மியாட்டாவுக்குள் நுழைகிறது. கவனமாகக் கட்டிய வி8 மியாட்டாவின் எடை 1,150 கிலோவை ஒட்டி நிற்கும். லாரி வகை வாகனங்களிலிருந்து எடுத்த 4.8, 5.3 லிட்டர் இரும்பு பிளாக்குகளைப் பொருத்தும்போதுதான் மூக்கு கனத்து, வளைவில் கார் வெளிப்பக்கம் தள்ளும் குணம் வருகிறது.

ஆனால் டன்னுக்கு 120 பிஎச்பி என்றிருந்த கார் டன்னுக்கு 300 பிஎச்பி என்றாகும்போது பழைய உறுப்புகளில் எதுவும் மிஞ்சாது. டி56 ஆறு கியர் பெட்டி வருகிறது. பவர் பிளான்ட் ஃபிரேம் போகிறது. டிஃபரன்ஷியல், ஆக்ஸில்கள், பின் சப்ஃபிரேம், முன் சப்ஃபிரேம், ரேடியேட்டர், எரிபொருள் பம்ப், பிரேக்குகள், சக்கர அகலம் எல்லாம் மாறுகின்றன. 1.6 காரின் 4.3 என்ற ஃபைனல் டிரைவ் விகிதத்தோடு (டிஃபரன்ஷியலின் கியர் விகிதத்தோடு) வி8-ஐ ஓட்டினால் முதல் கியர் வீணாகும், 3.3-ஐ ஒட்டிய விகிதம் வேண்டும். இத்தனையும் செய்த பிறகு கிடைப்பது மிகச் சிறந்த காராக இருக்கலாம், நன்றாகக் கட்டியவை உண்மையிலேயே அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் அது மியாட்டாவின் உடையணிந்த வேறொரு கார். ஆக்ஸிலரேட்டரை முழுவதும் மிதித்தபடி வளைவிலிருந்து வெளியேறும் இன்பத்துக்காக மியாட்டாவை வாங்கியவர், அந்த இன்பத்தை வி8-இல் சாலையில் ஒருபோதும் அனுபவிக்க முடியாது. பாதி மிதிக்கும் முன்பே சட்ட வேகம் கடந்திருக்கும்.

மூன்றாம் தலைமுறை மியாட்டாவை வைத்திருப்பவர்களுக்கு இந்தக் குழப்பம் எதுவும் வேண்டாம். 2005-இல் வந்த அந்தக் காரின் 2.0 லிட்டர் இன்ஜினுக்கு, மஸ்டா, ஃபோர்டு செடான்களில் வந்த 2.5 லிட்டர் உடன்பிறப்பு ஒன்று உண்டு. பேலன்ஸ் ஷாஃப்ட்டுகளை எடுத்துவிட்டு, பழைய இன்ஜினின் சம்ப்பையும் இன்டேக்கையும் மாற்றிப் பொருத்தினால் அது அதே மவுன்ட்டுகளில் உட்காரும். ஏசி முதல் மீட்டர் வரை அனைத்தும் வேலை செய்யும். அந்தக் காருக்கு இதைவிடப் பொருத்தமான மாற்றம் எனக்குத் தெரிந்து இல்லை.

வயரிங்கைப் பற்றிப் பேசாமல் பலரும் பட்ஜெட் போடுகிறார்கள். பாதியில் நிற்கும் கார்களை நின்றவாறே வைத்திருப்பது பெரும்பாலும் இன்ஜின் அல்ல, வயரிங்தான். ஆர்பிஎம் மீட்டர் சரியாகக் காட்டுவது, வெப்பமானிக்குத் தனி சென்சார், ரேடியேட்டர் விசிறியை ஈசியூ இயக்குவது, ஏசி போட்டதும் ஐடில் விழாமல் இருப்பது என்று ஒவ்வொன்றும் ஒரு மாலைப்பொழுதைக் கேட்கும். அதேபோல், இன்ஜின் எண்ணைப் பதிவுச் சான்றிதழில் மாற்றுவதற்கும் புகைப் பரிசோதனைக்கும் நாட்டுக்கு நாடு விதிகள் வேறு. பழைய காரில் அதைவிடப் பழைய இன்ஜினை ஏற்காத இடங்கள் உண்டு. கொள்ளளவு கூடினால் பொறியாளரின் சான்று கேட்கும் இடங்களும் உண்டு. பணம் கொடுப்பதற்கு முன் பதிவு அலுவலகத்தில் கேட்டுவிட வேண்டிய கேள்வி இது.

வார இறுதியில் மலைச்சாலையில் ஓட்டவும், தினமும் வேலைக்குச் செல்லவும் ஒரே கார் என்றால், 2001-க்குப் பிந்தைய 1.8 இன்ஜினே என் பரிந்துரை. அதில் மிச்சமாகும் பணத்தை சஸ்பென்ஷனுக்கும் டயருக்கும் போட்டால், சாலையில் 200 பிஎச்பி காரைவிட மகிழ்ச்சி தரும். மாதம் ஒரு முறையாவது டிராக்குக்குப் போகிறவர், ஆறு கியர் பெட்டிக்கும் 7 அங்குல டிஃபரன்ஷியலுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கியிருப்பவர், கே24-ஐத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். இரண்டுக்கும் நடுவில் நிற்பவர் டர்போவை நாடலாம். கூலன்ட் வழியை மாற்றுவதையும் சேர்த்தே செய்ய வேண்டும். வி8, வெறும் காரை வைத்து முதலிலிருந்து கட்ட நேரமும் பட்டறையும் உள்ளவருக்கு மட்டும்.

எதைத் தேர்ந்தாலும், வாங்கப்போகும் இன்ஜினைத் திறந்து பார்க்காமல் வாங்கக் கூடாது. கேம் கவரைக் கழற்றிக் கேம் முகடுகளில் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். குழியோ கீறலோ தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் நிறப் படிவம் இருந்தால் கூலன்ட் கலந்திருக்க வாய்ப்பு உண்டு. நான்கு சிலிண்டர்களிலும் கம்ப்ரஷன் அளவு ஒன்றுக்கொன்று பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 1991-இன் நடுப்பகுதி வரை தயாரான 1.6 கார்களில் கிராங்க்ஷாஃப்ட்டின் முன்முனை குட்டையாக இருப்பதால், கிராங்க் புல்லியைப் பிடிக்கும் சாவித்துளை தேய்ந்துவிடும் குறை உண்டு. புல்லியின் முகத்தில் நான்கு திறப்புகள் இருந்தால் அது அந்தப் பழைய வகை, எட்டு இருந்தால் திருத்தப்பட்டது. உங்கள் காரில் நான்கு இருந்து, இன்ஜினை இறக்கும் எண்ணமும் ஏற்கெனவே இருந்தால், அந்த இன்ஜினைச் செப்பனிடுவதற்குச் செலவு செய்யாமல் மாற்று இன்ஜினுக்கே அந்தத் தொகையை ஒதுக்குங்கள்.